ஒளியும் எக்ஸ்ரேயும் ஒன்றே என்றால், கண்ணுக்கு ஏன் ஒன்று மட்டும் தெரிகிறது?

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா கேட்டிருக்கிறார்: "வெளிச்சம், ரேடியோ, மைக்ரோவேவ், எக்ஸ்ரே எல்லாமே மின்காந்த அலைகள் என்று மகளின் புத்தகத்தில் இருக்கிறது. எல்லாம் ஒன்று என்றால், ஒன்று சுவரைத் தாண்டி வந்து பாடுகிறது, ஒன்று சோற்றைச் சூடாக்குகிறது, ஒன்று எலும்பைப் படம் பிடிக்கிறது. எப்படி? நம் கண்ணுக்கு ஏன் ஒன்று மட்டும் தெரிகிறது? செல்போன் டவரும் எக்ஸ்ரே போலத்தானா?"

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். அதற்குப் போகும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்த்துவிடுங்கள். டிவி ரிமோட்டின் முனையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். ஒன்றும் தெரியாது. இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு நேராகக் காட்டி அழுத்துங்கள். திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் அந்தக் குமிழ் படபடவென்று மின்னும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது. அங்கே இந்தக் கதிரைத் தடுக்க ஒரு வடிகட்டி வைத்திருப்பார்கள். பல போன்களில் செல்ஃபி கேமராவின் வடிகட்டி அவ்வளவு கறாரானது இல்லை.

குமிழிலிருந்து வந்தது 940 நானோமீட்டர் அலைநீளம் உள்ள ஒளி. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் கண் 400-இல் ஆரம்பித்து 700-ஐத் தாண்டும்போது களைத்துவிடும். கேமராவில் இருக்கும் சிலிக்கான் 1,100 வரை பார்க்கும். ரிமோட்டின் கதிர் ஏதோ தனி ஜாதி இல்லை. வாங்கிக்கொள்ளும் ஆள்தான் வேறு. இந்த ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சரி, அலை என்கிறோமே, எது அலைகிறது? ஒரு எலக்ட்ரான் இருந்த இடத்தில் ஆடினால் அதைச் சுற்றியுள்ள மின்புலமும் ஆடும். மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும், மாறும் காந்தப்புலம் மறுபடி மின்புலத்தை உண்டாக்கும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டே வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 1865-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வேகத்தை மின்சாரத்தையும் காந்தத்தையும் அளந்து கிடைத்த எண்களிலிருந்தே கணக்கிட்டார். வந்த விடை, ஏற்கெனவே அளந்து வைத்திருந்த ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போனது. அப்படியானால் ஒளியும் இதுதான் என்றார். கண்ணாடி, விளக்கு எதையும் தொடாமல் ஒளி என்ன என்று கண்டுபிடித்த அந்தப் பக்கங்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். 1887-இல் ஹெர்ட்ஸ் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் மின்பொறியிலிருந்து ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டினார்.

ஆக, அலைக்கு அலை மாறுவது நீளம் மட்டும்தான். நீளம் குறைந்தால் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற எண்ணிக்கை, ஏறும். சென்னையில் 93.5 என்று பண்பலை கேட்கிறோமே, அந்த அலையின் நீளம் 3.2 மீட்டர். வைஃபை அலை 12 சென்டிமீட்டர். பச்சை ஒளி 550 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அந்த அலை நூறுக்கும் மேல் அடங்கும். மருத்துவமனை எக்ஸ்ரேயின் அலைநீளம் ஓர் அணுவின் அளவோ அதைவிடக் குறைவோதான். பாடப்புத்தகத்தில் இதை ஏழு கட்டம் போட்ட அட்டவணையாகக் காட்டுவார்கள். பிள்ளைகள் ஏழு தனித்தனிப் பொருள்கள் என்று நினைத்துக்கொள்வதற்கு அந்த அட்டவணைதான் காரணம் என்பது என் எண்ணம். நிஜத்தில் கட்டமும் கிடையாது, கோடும் கிடையாது. எக்ஸ்ரேக்கும் காமாவுக்கும் அலைநீளத்தில்கூடத் தெளிவான எல்லை இல்லை. எலக்ட்ரானிலிருந்து வந்தால் எக்ஸ்ரே, அணுக்கருவிலிருந்து வந்தால் காமா என்று பிறந்த இடத்தை வைத்துத்தான் பெயர் சொல்கிறோம்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். ஒரு ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குப் போனால் அதிர்வெண் இரட்டிப்பாகும். அது ஒரு ஸ்தாயி. நம் காது ஏறத்தாழ பத்து ஸ்தாயி கேட்கும். கண் பார்ப்பது? 700-இலிருந்து 400 வரை, ஒரு ஸ்தாயிகூட முழுதாக இல்லை. மயிலின் கழுத்தும், மாலை வானமும், மஞ்சள் கிழங்கும் எல்லாம் அந்த ஒரு ஸ்தாயிக்குள்ளேதான்.

அதற்கு வெளியேயும் சுரம் இருக்கிறது என்று முதலில் கண்டவர் நிஜமாகவே ஒரு சங்கீதக்காரர். வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர். 1781-இல் யுரேனஸைக் கண்டவரும் அவரே. 1800-இல் சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்க வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். சில கண்ணாடியில் வெளிச்சம் குறைவாக இருந்தும் சூடு அதிகமாகத் தெரிந்தது. எந்த நிறத்தில் எவ்வளவு சூடு என்று பார்த்துவிடலாம் என்று, முப்பட்டகத்தால் வெயிலை நிறங்களாகப் பிரித்து மேசை மேல் விழவைத்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்தார். ஊதாவைவிடப் பச்சையில் சூடு, பச்சையைவிடச் சிவப்பில் சூடு. சிவப்பைத் தாண்டி, மேசையில் நிறமே இல்லாத வெறும் இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றையும்விட அதிகம் ஏறியது.

அந்த இடத்தில் விழுந்ததைத்தான் அகச்சிவப்பு என்கிறோம். பெயரைப் பார்த்துச் சிவப்புக்கு உள்ளே இருப்பது என்று எண்ணிவிட வேண்டாம். அது சிவப்புக்கு வெளியே இருப்பது. இலங்கைப் பாடநூல்களில் வரும் செந்நிறக்கீழ் என்ற சொல் இந்த விஷயத்தில் துல்லியமானது, அதிர்வெண்ணில் சிவப்புக்குக் கீழே என்று நேராகச் சொல்லிவிடுகிறது. அடுத்த ஆண்டே, 1801-இல், ஜெர்மனியில் ரிட்டர் மறு ஓரத்தைத் தேடினார். வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும் வெள்ளி குளோரைடை நிறங்களின் மேல் வைத்தார். ஊதாவுக்கு அப்பால், ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்தது எல்லாவற்றுக்கும் முந்திக் கறுத்தது. அது புற ஊதா.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெப்பமானி ஒரு முனையைக் கண்டது, வெள்ளி உப்பு மறுமுனையைக் கண்டது. இடம் மாற்றி வைத்திருந்தால் இருவரும் ஏமாந்திருப்பார்கள். ஒவ்வொரு அலைநீளமும் ஒவ்வொரு பொருளிடம்தான் செல்லுபடியாகிறது. ஏன்?

ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்ததே, நினைவிருக்கிறதா? சரியான நாணயத்தைப் போட்டால் விளக்கு சுற்றி, சீட்டு விழும். அதற்குப் பதில் பத்துப் பைசாவாக ஒரு பை நிறையப் போட்டாலும் சீட்டு வராது. மொத்தம் எவ்வளவு என்று இயந்திரம் பார்ப்பதில்லை, ஒரு நாணயம் என்ன மதிப்பு என்றுதான் பார்க்கும். ஒளியும் சில்லறையாகத்தான் வருகிறது. அந்த ஒற்றை நாணயத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னது இதைத்தான், பின்னால் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த விளக்கத்துக்குத்தான். அலை குறுகக் குறுக நாணயத்தின் மதிப்பு ஏறும். மகளுக்கு ஒரு சுருக்குவழி சொல்லுங்கள்: 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்ற சின்ன அலகில் வந்துவிடும். ரிமோட்டுக்கு 1.3, பச்சை ஒளிக்கு 2.25, 300 நானோமீட்டர் புற ஊதாவுக்கு 4.1.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், பொருள்களுக்குள் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை இருக்கிறது. மூலக்கூறின் அணுக்களை ஸ்பிரிங் போல அதிரவைக்க அகச்சிவப்பு போதும். இலையின் பச்சையத்திலோ, விழித்திரையின் நிறமியிலோ ஓர் எலக்ட்ரானை ஒரு படி மேலே தூக்க இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். காணும் ஒளி அதைக் கொடுக்கும். நான்கைத் தொட்டால் தோலில் உள்ள டிஎன்ஏவின் பிணைப்புகள் மாறிப்போகும். வெயிலில் தோல் கருகுவதும், ஆண்டுக்கணக்கில் அப்படிக் கருகினால் தோல் புற்றுநோய் வருவதும் அதனால்தான். எலக்ட்ரானை மூலக்கூறிலிருந்து பிய்த்தே எடுப்பதற்குத்தான் அயனியாக்கம் என்று பெயர். தண்ணீருக்கு அதன் விலை 12.6. எக்ஸ்ரே ஃபோட்டானிடம் பல்லாயிரம் இருக்கிறது.

டவர் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பது 0.0000037 எலக்ட்ரான் வோல்ட். சமையலறை டியூப்லைட்டின் பச்சை ஒளி நாணயம் இதைவிட ஆறு லட்சம் மடங்கு பெரியது. ஆகவே எக்ஸ்ரே செய்யும் கெடுதலை அதே வழியில் செல்போன் அலையால் செய்ய முடியாது. பத்துப் பைசாவைக் கோடிக்கணக்கில் கொட்டினால் பெட்டி கனக்கும் அல்லவா, அதுபோலச் சூடு உண்டாகும், அவ்வளவுதான் உறுதியாகத் தெரிந்த விளைவு. அந்தச் சூட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் போன் எதுவும் உடல் திசுவில் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் இறக்கக்கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 'ஒருவேளை இருக்கலாம்' என்ற வகையில் வைத்தது உண்மை. அதே முகமை வெயிலை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது தெரியுமா? உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பட்டியலில். டவருக்குப் பயந்து வீடு மாற்றுகிறவர்கள், நடுப்பகல் வெயிலில் பிள்ளை தொப்பியில்லாமல் கிரிக்கெட் ஆடுவதைக் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் வருத்தம். கதிர்வீச்சு என்ற சொல் அணுகுண்டுச் செய்தியோடு சேர்ந்து நம் மனதில் பதிந்துவிட்டது. கதிரவன் என்ற பெயரிலேயே கதிர் இருக்கிறது.

2020-இல் கடை வாசலில் வெப்பமானித் துப்பாக்கியோடு நின்றவர்களிடம், நெற்றியில் வேண்டாம், மூளைக்கு ஆகாது என்று எத்தனை பேர் கையை நீட்டினார்கள்! அந்தக் கருவி அளப்பதற்கு எந்தக் கதிரையும் உங்கள் மேல் பாய்ச்சுவதில்லை. நீங்கள்தான் கதிரை வீசுகிறீர்கள். சூடுள்ள எந்தப் பொருளும் கதிர் வீசும். நம் உடல் சூட்டுக்கு அது 9, 10 மைக்ரோமீட்டர் அளவில் உச்சத்தில் இருக்கும். கருவி அதை வாங்கி எண்ணாகக் காட்டுகிறது. இருட்டறையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதும் இந்த ஒளியில் விளக்குபோல எரிந்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

அப்புறம், ஊடுருவும் விஷயம். ஆற்றல் அதிகமானால் அதிகம் ஊடுருவும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆற்றல் மிகக் குறைந்த ரேடியோ சுவரைத் தாண்டுகிறது, அதைவிடப் பல லட்சம் மடங்கு வலுவான ஒளி ஒரு தாளுக்கே மங்கிவிடுகிறது, இன்னும் வலுவான எக்ஸ்ரே மறுபடி தாண்டுகிறது. வழியில் அந்த நாணயத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். காணும் ஒளிக்கு அதில் வேலை இல்லை, தாண்டிவிடுகிறது. உடல் வீசும் அகச்சிவப்பைக் கண்ணாடி முழுதாக விழுங்கிவிடும். வெப்பக் கேமராவைக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் காட்டினால் வெளியில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். கறுப்புக் குப்பைப் பைக்குள் கையை விட்டால் நமக்குக் கை தெரியாது, வெப்பக் கேமராவுக்குத் தெரியும். எது ஒளிபுகும் பொருள் என்பதை நம் கண்ணை வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவே.

எக்ஸ்ரே தசையைத் தாண்டி எலும்பில் தங்குவதும் இப்படித்தான். தசையில் உள்ள கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாம் சிறிய அணுக்கள். எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் உண்டு. எலக்ட்ரான்கள் அதிகமாக, இறுக்கமாக உள்ள அணுக்கள் எக்ஸ்ரேயை நிறைய வாங்கிக்கொள்ளும். ஈயம் இன்னும் பெரிய அணு, அதனால்தான் எக்ஸ்ரே எடுப்பவர் ஈய மேலங்கி போடுகிறார். 1895 நவம்பர் 8 அன்று வூர்ஸ்பர்க்கில் ரான்ட்கன், கறுப்பு அட்டையால் மூடிய குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது தள்ளியிருந்த ஒரு திரை ஒளிர்வதைக் கண்டார். டிசம்பரில் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும், ஒரு விரலில் தொங்குவது போல மோதிரமும் அதில் தெரிகின்றன.

நம் கண் ஏன் இந்த ஒரு ஸ்தாயியைப் பிடித்தது என்றால், முதல் காரணம் தண்ணீர் என்பேன். சூரியன் அதிகம் கொட்டுவது இந்தப் பகுதியில்தான் என்பது பாதிப் பதில். அது வீசும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்பாகவே வருகிறது. ஆனால் கண் முதலில் உருவானது கடலுக்குள். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கும், குறுகிய புற ஊதாவையும் விழுங்கும். நடுவில் காணும் ஒளிக்கு மட்டும் வழி விடும். இன்றும் நம் விழிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதோடு, நிறமி மூலக்கூறை மாற்றும் அளவுக்கு மதிப்பும், அதை உடைத்துவிடாத அளவுக்கு மென்மையும் உள்ள நாணயம் இதுவே. ஓரங்களில் மட்டும் உயிர்களுக்குள் வேறுபாடு உண்டு. தேனீக்குப் புற ஊதா தெரியும். விரியன்களில் ஒரு வகைக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி இருக்கும், எலியின் உடல் சூட்டை அதனால் உணரும். நமக்கும் விழித்திரை கொஞ்சம் புற ஊதாவைப் பார்க்கத்தான் செய்யும், முன்னால் இருக்கும் விழிலென்ஸ் அதைத் தடுத்துவிடுகிறது.

மைக்ரோவேவ் அடுப்பு உள்ள வீடு என்றால் மகளோடு இதையும் செய்யுங்கள். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, அசையாத ஒரு தட்டில் நான்கைந்து பச்சை அப்பளத்தை அடுத்தடுத்துப் பரப்பி, சில நொடி மட்டும் ஓட்டுங்கள். அப்பளம் எல்லா இடத்திலும் பொரியாது. சில இடம் வெள்ளையாகக் கொப்பளித்திருக்கும், நடுநடுவே பச்சையாகவே இருக்கும். பெட்டிக்குள் அலைகள் எதிரொலித்து நிலையாக நிற்பதால், வீச்சு உச்சமான இடங்களில் மட்டும் சூடு. அடுத்தடுத்த கொப்பளங்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்தால் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரும். அது பாதி அலைநீளம். இரண்டால் பெருக்கி, அடுப்பின் பின்புறம் எழுதியிருக்கும் 2,450 மெகாஹெர்ட்ஸால் பெருக்குங்கள். ஒளியின் வேகம் கிட்டத்தட்ட வந்து நிற்கும், அப்பளத்திலிருந்து! தண்ணீர் மூலக்கூறு இந்த அலைக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் திரும்ப முயன்று உரசிக்கொள்வதால்தான் சூடு. 2,450 என்பது தண்ணீருக்கே உரிய அதிர்வெண் என்று எங்கும் எழுதுகிறார்கள், அது தவறு. தண்ணீர் இதைவிட உயர்ந்த அதிர்வெண்களை இன்னும் நன்றாக விழுங்கும். ஆனால் அப்போது சூடு மேல்தோலோடு நின்றுவிடும்.

அடுப்பின் கதவையும் உற்றுப் பாருங்கள். கண்ணாடிக்குள் துளைத்துளையான ஓர் உலோகத் தகடு இருக்கும். துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். 12 சென்டிமீட்டர் அலைக்கு அது துளையில்லாத சுவர், திரும்பிவிடும். அரை மைக்ரோமீட்டர் ஒளிக்கு அந்தத் துளை திறந்த வாசல். அதனால் அப்பளம் பொரிவது தெரிகிறது, பொரிக்கும் அலை வெளியே வருவதில்லை.

இதே விஷயத்தைப் பிரம்மாண்டமாகப் பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்குப் போகும்போது முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிப் பக்கம் போய்வாருங்கள். வானிலிருந்து வரும் அலைகளில் காற்று மண்டலம் தரை வரை நன்றாக விடுவது முக்கியமாக இரண்டு பகுதிகளை: காணும் ஒளியும் அதன் அக்கம்பக்கமும், அப்புறம் ரேடியோ. 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகம் சூரியனைப் பார்ப்பது முதல் ஜன்னல் வழியாக. நடுவில் காற்று தடுக்கும் எக்ஸ்ரேயையும் புற ஊதாவையும் பார்க்க 2023-இல் ஆதித்யா எல்1 விண்கலத்தை மேலே அனுப்ப வேண்டியிருந்தது. ஊட்டி இரண்டாவது ஜன்னல். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1970-இல் கட்டி முடித்த அந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகையான 11 டிகிரிக்கு ஏற்ற சரிவுள்ள மலையாகப் பார்த்து வடக்குத் தெற்காக அதைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடர முடிகிறது.

கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடி என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. 24 சட்டங்களுக்கு மேல் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள், அவற்றுக்கு நடுவே மேகமும் நீல வானமும். அந்த நீலம் கம்பிகளுக்கு இடையே தாராளமாக இறங்கி நம் கண்ணுக்கு வருகிறது. அதே வானத்திலிருந்து வரும் 92 சென்டிமீட்டர் அலைக்கு அந்த இடைவெளி கண்ணில் படுவதே இல்லை. பளிங்கில் பட்டதுபோலத் திரும்பி ஏற்பிகளில் போய்ச் சேருகிறது.